100 ரூபாய் ப்ரோகிராமரும் அந்த 13 வோல்ட்டும்

மைக்ரோகன்ட்ரோலர் என்கிற குட்டிக் கணினிச் சிப்புக்குள் நாம் எழுதிய ப்ரோகிராமை ஏற்றுகிற கருவிதான் ப்ரோகிராமர். அதை வீட்டிலேயே 100 ரூபாயில் செய்ய முடியுமா என்று கேட்டால் முடியும் என்றுதான் சொல்வேன், அதில் பொய் எதுவும் இல்லை. நாலைந்து டயோடு, ரெண்டு டிரான்சிஸ்டர், கொஞ்சம் ரெசிஸ்டர், ஒரு சாக்கெட், முடிந்தது. ஆனால் பின்பக்கம் சீரியல் போர்ட் வைத்த பழைய டெஸ்க்டாப் ஒன்று உங்கள் வீட்டில் சும்மா கிடக்கிறது என்பதும் அந்த 100 ரூபாய்க் கணக்கில் சொல்லாமலே சேர்ந்திருக்கிறது. இன்றைக்கு பெங்களூரில் அப்படியொரு கணினியைத் தேடிப் பிடிக்க ஆகும் ஆட்டோ செலவுக்கு ரெடிமேட் ப்ரோகிராமரே வந்துவிடும்.

இப்போது இதை எழுதக் காரணம் என் டீமில் இருக்கும் ஒரு பையன். திருப்பத்தூர் பக்கம் ஊர், காலேஜில் 8051 என்ற பழைய மைக்ரோகன்ட்ரோலரைப் படித்தவன், பார்க்கிற வேலை என்னவோ ஜாவா. சனி ஞாயிறில் கையால் ஏதாவது செய்துபார்க்க வேண்டும் என்று ஆசை. "அண்ணா, பிக் சிப்புக்கு ஒரு ப்ரோகிராமர் சர்க்யூட் கிடைச்சிருக்கு, பத்துப் பதினஞ்சு பார்ட்ஸ்தான், எஸ்.பி. ரோட்ல எல்லாம் கிடைச்சிடும்ல?" என்று சாப்பாட்டு நேரத்தில் போனை நீட்டினான். எஸ்.பி. ரோடு இங்கே எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த தெரு, பிக் என்பது மைக்ரோசிப் கம்பெனியின் மைக்ரோகன்ட்ரோலர் குடும்பம். போனில் பார்த்தால் ஜேடிஎம். பொழுதுபோக்குக்கு எலக்ட்ரானிக்ஸ் செய்கிறவர்கள் ஒரு காலத்தில் ஆளுக்கொன்று செய்து வைத்திருந்த அதே சர்க்யூட்.

சிப்புக்குள் ப்ரோகிராமை ஏற்றுவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. க்ளாக்குக்கு ஒரு கம்பி, டேட்டாவுக்கு ஒரு கம்பி, பவர், கிரவுண்ட், அப்புறம் "நீ ஓடாதே, நான் எழுதப் போகிறேன்" என்று சிப்புக்குச் சொல்ல ஒரு கம்பி. பிக் குடும்பத்தில் அந்தக் கடைசிக் கம்பிதான் தலைவலி. சிப் ஓடுவது 5 வோல்ட்டில், ஆனால் பழைய பிக் சிப்புகளில் எம்சிஎல்ஆர் என்கிற ரீசெட் காலில் (பின்னில்) சுமார் 13 வோல்ட் கொடுத்தால்தான் எழுதவே விடும். அந்த 13 வோல்ட்டை எங்கிருந்து கொண்டுவருவது? வீட்டில் செய்கிற பிக் ப்ரோகிராமர் எதை எடுத்துக்கொண்டாலும், இந்த ஒரு கேள்விக்கு அவரவர் கண்டுபிடித்த பதில்தான் அது.

ஜேடிஎம் சொன்ன பதில் பலே கெட்டிக்காரத்தனம். அதற்குத் தனியாகப் பவர் சப்ளையே கிடையாது. ஆர்எஸ்232 என்ற விதிப்படி ஓடும் சீரியல் போர்ட்டின் கம்பிகள் பிளஸ் 12-க்கும் மைனஸ் 12-க்கும் இடையில் ஆடிக்கொண்டிருக்கும் அல்லவா, அதிலிருந்தே உறிஞ்சிக்கொள்ளும். முதல்முறை அந்தப் படத்தைப் பார்க்கிறவர்களுக்குத் தப்பாக வரைந்துவிட்டார்களோ என்று தோன்றும், ஏனென்றால் கணினியின் கிரவுண்ட் போய்ச் சேர்வது சிப்பின் கிரவுண்டில் இல்லை, சிப்பின் பிளஸ் 5 வோல்ட் காலில். அதாவது சிப்பின் கிரவுண்ட், கணினியின் கிரவுண்டைவிட 5 வோல்ட் கீழே கிடக்கிறது, 5.1 வோல்ட் ஜீனர் (வோல்டேஜை ஒரே அளவில் பிடித்து நிறுத்தும் டயோடு) ஒன்று அந்த இடைவெளியைப் பிடித்து வைத்திருக்கிறது. மேல்பக்கம் 8.2 ஜீனர் இன்னொன்று. கணினி பக்கமிருந்து அளந்தால் வெறும் 8 வோல்ட்தான், சிப் பக்கமிருந்து அளந்தால் ரெண்டும் சேர்ந்து 13.3. மைனஸ் பக்கத்தையும் வீணாக்காமல் எடுத்துக்கொண்டதில்தான் மொத்த சூட்சுமமும் இருக்கிறது. சீரியல் போர்ட்டின் கம்பிகளில் க்ளாக்குக்கு ஆர்டிஎஸ், டேட்டா உள்ளே போக டிடிஆர், வெளியே வர சிடிஎஸ், 13 வோல்ட்டைத் தூக்கிவிட டிஎக்ஸ்டி. சீரியல் போர்ட் என்று பேர்தான், சீரியலாக ஒரு எழுத்துகூடப் போவதில்லை. ஒவ்வொரு கம்பியையும் மென்பொருள் கையால் ஸ்விட்ச் போடுவதுபோல் ஏற்றி இறக்குகிறது. இந்த விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதைக்கப்போவது இதுதான்.

பையன் ஆசைப்பட்டானே என்று சனிக்கிழமை கே.ஆர். மார்க்கெட் மெட்ரோவில் இறங்கி எஸ்.பி. ரோட்டுக்கு நடந்தோம். அங்கே கவுன்ட்டரில் நிற்கிற பையன்களில் பாதிப் பேருக்குத் தமிழ் வரும், கன்னடத்தில் ஆரம்பித்தாலும் நம் முகத்தைப் பார்த்துவிட்டு அவர்களே மாறிக்கொள்வார்கள். "8.2 இல்லண்ணா, 9.1 இருக்கு, எல்லாம் ஒண்ணுதான், போடட்டுமா?" என்றான் ஒருவன். ஒன்றில்லை. 9.1-ம் 5.1-ம் கூட்டினால் 14.2. பிக் 16எஃப்877ஏ-வின் டேட்டாஷீட்டில் எம்சிஎல்ஆர் கால் தாங்கும் உச்சவரம்பு 14 வோல்ட் என்று இருக்கிறது. எழுதும்போது அது எதிர்பார்ப்பது 13.5-க்குள். கடைக்காரருக்கு அது ஒரு ஜீனர், சிப்புக்கு அது உயிர். நாலு கடை தள்ளி 8.2 கிடைத்தது, ஆனால் ஒன்று ரெண்டாகத் தர மாட்டார்கள், பத்து எடுத்தால்தான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 1என்4148 டயோடும் அரை வாட் ஜீனரும் பார்ப்பதற்கு ஒரே ஆரஞ்சு நிறக் கண்ணாடிக் குச்சிதான், ஒரு முனையில் ஒரே கறுப்புக் கோடு. கடையில் ஒரே கவரில் போட்டுத் தந்தால் வீட்டுக்கு வந்து போன் கேமராவில் பெரிதாக்கி எழுத்தைப் படிக்க வேண்டும், அதுவும் பாதி அழிந்திருக்கும். சுலபமான வழி: 12 வோல்ட் அடாப்டர், வரிசையில் ஒரு 1கே ரெசிஸ்டர், டயோடின் கோடு போட்ட முனை பிளஸ் பக்கம், ரெண்டு முனைக்கும் குறுக்கே மீட்டர். 5.1 சுற்றி வந்தால் அது, 8.2 சுற்றி வந்தால் இது, முழு 12-ம் அப்படியே நின்றால் 4148. ஜீனர் வாங்குகிற எல்லோரும் இதை ஒருமுறை செய்துவிட்டுச் சால்டர் வைப்பது நல்லது.

செலவு? பார்ட்ஸ் மட்டும் என்றால் 100 ரூபாயைத் தாண்டாது, நிஜம்தான். ஆனால் எல்லாம் பத்துப் பத்தாக, ரெசிஸ்டர் பட்டையாக, அப்புறம் 9 பின் டி கனெக்டர், அதற்கு மூடி, ஒரு டாட் போர்டு. சிப்பை அடிக்கடி கழற்றி மாட்ட லீவர் வைத்த ஜிஃப் சாக்கெட் வேண்டும் என்றால் அந்த ஒரு சாக்கெட் மீதி எல்லாப் பார்ட்ஸின் விலையையும் சாப்பிட்டுவிடும். 100 ரூபாய் ப்ரோகிராமர் என்று போடுகிறவர்கள் யாரும் ஜிஃப் சாக்கெட்டைப் பட்டியலில் சேர்ப்பதில்லை, போய்ப் பாருங்கள்.

சரி, செய்தாயிற்று, எதில் மாட்டுவது? லேப்டாப்பில் சீரியல் போர்ட் கிடையாது. பழைய லேப்டாப்பில் இருந்தாலும் பலவற்றில் பிளஸ் மைனஸ் 5 அல்லது 6 வோல்ட்தான் வரும். ஆர்எஸ்232 விதிப்படி அதுவே போதும், ஆனால் அந்த 8.2 ஜீனருக்குப் போதாது. யூஎஸ்பி சீரியல் கேபிள் வாங்கி மாட்டலாம் என்று எல்லோருக்கும் அடுத்து தோன்றும். வோல்டேஜ் அதிர்ஷ்டவசமாகக் கூடி வந்தாலும் நேரம் கூடி வராது. கம்பிகளை ஒவ்வொன்றாக மென்பொருள் ஏற்றி இறக்குகிறது என்று சொன்னேனே, நிஜ சீரியல் போர்ட்டில் அது சில மைக்ரோசெகண்டு வேலை. யூஎஸ்பியில் ஒவ்வொரு ஏற்ற இறக்கமும் ஒரு தனிக் கட்டளையாகப் போகும், ஒன்றுக்குக் குறைந்தது 1 மில்லிசெகண்டு ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிக் 16எஃப்84ஏ-வில் ஒரு சொல் (சிப்பின் நினைவகத்தில் ஒரு கட்டளைக்கான இடம்) எழுத, கட்டளைகளும் டேட்டாவுமாக 34 பிட் அனுப்ப வேண்டும். ஒரு பிட்டுக்கு மூன்று அசைவு என்றால் சொல்லுக்கு நூறு மில்லிசெகண்டுக்கு மேல். மொத்தம் 1024 சொற்கள். சிப்புக்கே எழுத ஆகும் நேரம் சொல்லுக்கு 10 மில்லிசெகண்டு அளவுதான், பத்துச் செகண்டில் முடிய வேண்டியது ரெண்டு நிமிடத்தைத் தொடும். 8192 சொற்கள் கொண்ட 877ஏ என்றால் கால் மணி நேரம், எழுதியதைச் சரிபார்ப்பது தனி. நடுவில் ஒரு பிட் வழுக்கினால் முதலிலிருந்து.

பேரலல் போர்ட் கதையும் இதேதான். ஏவிஆர் என்ற இன்னொரு மைக்ரோகன்ட்ரோலர் குடும்பத்துச் சிப்புகளுக்கு டாபா என்று ஒரு கேபிள் உண்டு, பிரிண்டர் போர்ட்டிலிருந்து நாலு கம்பியும் சில ரெசிஸ்டரும், சர்க்யூட் என்று சொல்லவே கூச்சமாக இருக்கும். 74எச்சி244 என்ற பஃபர் சிப் ஒன்றை நடுவில் போட்டால் கொஞ்சம் மரியாதையான வடிவம். ஏவிஆருக்கு 13 வோல்ட் தொல்லையும் இல்லை, ரீசெட்டைக் கீழே பிடித்தாலே எழுத விடும். அருமையாக வேலை செய்தது, விண்டோஸ் 98 இருந்தவரை. எக்ஸ்பியில் போர்ட்டை நேராகத் தொடத் தனி டிரைவர் தேவைப்பட்டது, 64 பிட் விண்டோஸில் கையெழுத்திட்ட டிரைவர் இல்லாமல் நகராது, அப்புறம் போர்ட்டே காணாமல் போயிற்று.

நான் பையனிடம் சொன்னது இதைத்தான்: சர்க்யூட் எவ்வளவு சின்னதோ, கணினி மேல் அது ஏற்றிவைக்கிற சுமை அவ்வளவு பெரிது. பத்துப் பார்ட்ஸில் முடித்தவர்கள் சிக்கலை ஒழிக்கவில்லை, கணினிக்குள் தள்ளிவிட்டார்கள். கணினி மாறியதும் அந்தச் சிக்கல் திரும்பி வந்துவிட்டது.

8051 படித்தவன் என்பதால் அதையும் கேட்டான். சுருக்கமாக: 8051 வகைச் சிப்பான ஏடி89சி51 வாங்காதே. அதற்கு 12 வோல்ட்டும் வேண்டும், டேட்டாவுக்கு எட்டுக் கம்பி, அட்ரஸுக்கு பன்னிரண்டு, கன்ட்ரோலுக்கு இன்னும் சில, வீட்டில் செய்தால் கம்பிக்காடு. ஏடி89எஸ்52 வாங்கினால் பி1.5, பி1.6, பி1.7 ஆகிய மூன்று கால்களும் ரீசெட்டும் போதும், ரீசெட் மட்டும் ஏவிஆருக்குத் தலைகீழ், மேலே பிடிக்க வேண்டும்.

கணினியை நம்பாமல் ப்ரோகிராமருக்குள்ளேயே ஒரு மூளையை வைப்பதுதான் அடுத்த தலைமுறை. தாமஸ் ஃபிஷ்ல் வடிவமைத்த யூஎஸ்பிஏஎஸ்பி என்ற ஏவிஆர் ப்ரோகிராமர் இதில் ரொம்பப் பிரபலம். ஏடிமெகா8 என்ற ஏவிஆர் சிப் ஒன்று, 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல், சில ரெசிஸ்டர். அந்தச் சிப்பில் யூஎஸ்பி வசதியே கிடையாது, 1.5 மெகாபிட் வேகத்தில் வரும் யூஎஸ்பி சிக்னலை பிட் பிட்டாக மென்பொருளே படிக்கிறது, ஒரு பிட்டுக்குக் கிடைப்பது எட்டே எட்டு க்ளாக். எழுதியவர்களை நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். வீட்டில் செய்ய நினைத்தால் கவனிக்க வேண்டியது டேட்டா கம்பிகளில் போடும் ரெண்டு 3.6 ஜீனர். அரை வாட்டுக்கு மேல் போகக் கூடாது. 1 வாட் ஜீனருக்குக் கப்பாசிட்டன்ஸ் அதிகம், சிக்னலின் விளிம்பை மழுங்கடித்துவிடும், கணினி "தெரியாத சாதனம்" என்று சொல்லும், நீங்கள் சிப்புக்குள் இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரைச் சந்தேகப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். எஸ்.பி. ரோட்டில் 3.6 என்று மட்டும் கேட்டால் கைக்கு வருவது பெரும்பாலும் 1 வாட்.

ஆனால் முட்டையா கோழியா என்ற சிக்கல் இதில்தான் வருகிறது. ப்ரோகிராமருக்குள் இருக்கும் ஏடிமெகா8-ஐ யார் ப்ரோகிராம் செய்வது? முன்பெல்லாம் அதற்காகவே டாபா கேபிள் ஒன்று செய்து, ஒரே ஒரு முறை பயன்படுத்தி, பெட்டியில் போட்டுவிடுவார்கள். இல்லையென்றால் ஏற்ற வேண்டிய ப்ரோகிராம் இருக்கும் ஹெக்ஸ் ஃபைலை எடுத்துக்கொண்டு ஏதாவது ப்ராஜெக்ட் சென்டருக்குப் போய்க் காசு கொடுத்து பர்ன் செய்துவர வேண்டும். இவ்வளவுக்கும் பிறகு கணக்குப் போட்டால், ஏடிமெகா8 ஒன்றே 150 ரூபாய்க்கு மேல், கனெக்டர், ரிப்பன் கேபிள் எல்லாம் சேர்த்து 300-ஐத் தொடும்; ரெடிமேட் யூஎஸ்பிஏஎஸ்பி 300 ரூபாய்க்குள் வீட்டு வாசலுக்கே வருகிறது. மிச்சப்படுத்தத்தான் செய்கிறேன் என்றால் தயவுசெய்து செய்யாதீர்கள். ரெடிமேடிலும் ஒரு சின்ன எரிச்சல் உண்டு: பழைய ஃபர்ம்வேரோடு வரும் நகல்களில், எஸ்சிகே (க்ளாக் கம்பி) வேகத்தை மாற்ற முடியவில்லை என்று, கணினியில் ஓடும் ப்ரோகிராமிங் மென்பொருளான அவ்ரிட்யூட் ஒவ்வொரு முறையும் முணுமுணுக்கும். பெரும்பாலும் கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாம்.

பையனிடம் ஏற்கெனவே ஒரு ஆர்டுயினோ ஊனோ (ஏவிஆர் சிப் வைத்த பழகு போர்டு) நகல் இருந்தது. அதையே ஏவிஆர் ப்ரோகிராமராக மாற்ற அதன் மென்பொருளான ஐடிஇ-யின் உதாரணங்களிலேயே ஆர்டுயினோ ஐஎஸ்பி என்று ஒரு ஸ்கெட்ச், அதாவது ப்ரோகிராம், இருக்கிறது. 10, 11, 12, 13 பின்களிலிருந்து நாலு கம்பி, பவருக்கு ரெண்டு. கூடவே ஒரு 10 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர், ஊனோவின் ரீசெட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில். கணினி போர்ட்டைத் திறக்கும்போதெல்லாம் ஊனோ தன்னைத்தானே ரீசெட் செய்துகொள்ளும் பழக்கம் உள்ளது, அதைத் தடுக்கத்தான் இது. ஸ்கெட்சை ஏற்றிய பிறகுதான் கப்பாசிட்டரை மாட்ட வேண்டும், முன்னால் மாட்டினால் ஸ்கெட்சே ஏறாது. கூடுதல் செலவு ரெண்டு ரூபாய். வீட்டில் செய்த ப்ரோகிராமர் என்று இதைச் சொல்லலாமா என்றால், ஜேடிஎம் செய்தவர்களும் 30,000 ரூபாய்க் கணினியைக் கணக்கில் சேர்க்கவில்லையே.

ஏவிஆரிலும் 12 வோல்ட் ஒரு மூலையில் காத்திருக்கிறது. ஏடிடைனி85 என்ற ஏவிஆர் சிப்பில் ஒரு கால் கூடுதலாகக் கிடைக்குமே என்று ரீசெட்டை முடக்கும் ஃப்யூஸ் என்ற அமைப்பு பிட்டைப் போட்டுவிட்டால் அதற்கப்புறம் எந்த ஐஎஸ்பி (ரீசெட் வழியாக எழுதும்) ப்ரோகிராமரும் உள்ளே நுழைய முடியாது. 12 வோல்ட் கொடுத்து ஃப்யூஸை மீட்டுத்தான் ஆக வேண்டும். ஊனோவும் ஒரு டிரான்சிஸ்டரும் 12 வோல்ட் அடாப்டரும் இருந்தால் போதும், ஆனால் அந்த ஃப்யூஸைத் தொடாமலே இருப்பது அதைவிட மலிவு.

அப்புறம் அந்த 13 வோல்ட். இன்றைக்கு அது பெரிய விஷயமே இல்லை. எம்டி3608 என்று ஒரு குட்டி பூஸ்ட் மாட்யூல், 100 ரூபாய்க்குள், யூஎஸ்பியின் 5 வோல்ட்டைக் கொடுத்தால் 28 வரை ஏற்றும். ஊனோவிலிருந்து ஒரு பிசி547 டிரான்சிஸ்டர், அது ஓட்டுகிற ஒரு பிசி557 டிரான்சிஸ்டர், எம்சிஎல்ஆருக்கு 13 வோல்ட் வேண்டும்போது வரும், வேண்டாதபோது போகும். ஒரே எச்சரிக்கை: மாட்யூல் கடையிலிருந்து வரும்போது அதன் திருகு எங்கே நிற்கிறது என்று யாருக்கும் தெரியாது. சிப்பை மாட்டும் முன் மீட்டரை வைத்து 13 வரும்வரை திருக வேண்டும், அது பல சுற்றுத் திருகு, முதல் சில சுற்றுகளில் அசையவே அசையாது, உடைந்துவிட்டதோ என்று தோன்றும். மாட்யூல் வேண்டாம் என்றால் வீட்டில் கிடக்கும் பழைய 19 வோல்ட் லேப்டாப் அடாப்டரும், கிரவுண்ட் காலில் ரெண்டு 1என்4007 டயோடு போட்ட 7812 ரெகுலேட்டரும் போதும், 13.2 பக்கம் வரும்.

இன்னும் சொல்லப்போனால் புதிய பிக் சிப்புகளுக்கு 13 வோல்ட்டே வேண்டாம். பழைய 16எஃப்877ஏ-விலேயே எல்விபி என்று குறைந்த வோல்டேஜ் வழி உண்டு, ஆனால் அதற்கு ஆர்பி3 காலைத் தாரை வார்க்க வேண்டும், அந்தக் காலைச் சும்மா அந்தரத்தில் விட்டால் சிப் நினைத்தபோதெல்லாம் ப்ரோகிராமிங் நிலைக்குப் போய் நிற்கும். 16எஃப்1 என்று ஆரம்பிக்கும் வரிசையில் அதைச் சரி செய்துவிட்டார்கள். எம்சிஎல்ஆரைக் கீழே பிடித்துக்கொண்டு 32 பிட் கொண்ட ஒரு சாவியை அனுப்பினால் கதவு திறக்கும். அந்தச் சாவி என்ன என்று பார்த்தால் எம், சி, எச், பி என்ற நாலு ஆங்கில எழுத்துகளின் ஆஸ்கி மதிப்பு, பங்குச் சந்தையில் மைக்ரோசிப் கம்பெனியின் அடையாளக் குறி! இந்தச் சிப்புகளுக்கு ஊனோவிலிருந்து மூன்று சிக்னல் கம்பியும் பவரும் போதும், ஜீனர் தேடி அலைய வேண்டியதில்லை.

ஆக மலிவான வீட்டு ப்ரோகிராமர் எது என்று இன்று கேட்டால் என் பதில் யூபிடிஐ என்ற முறை. புதிய ஏவிஆர் சிப்புகளுக்கு எழுத ஒரே ஒரு டேட்டா கம்பிதான். சிஎச்340 யூஎஸ்பி சீரியல் அடாப்டர் ஒன்று, ஒரு ஷாட்கி டயோடு அல்லது ஒரு ரெசிஸ்டர், வேலை முடிந்தது. இங்கே யூஎஸ்பி சீரியலின் தாமதம் அவ்வளவாக உதைக்காது, ஏனென்றால் இது கம்பிகளை ஆட்டுவதில்லை, நிஜமாகவே சீரியலாகப் பேசுகிறது. வருத்தம் என்னவென்றால் இந்த வரிசையின் ஏடிடைனி சிப்புகள் பிரெட்போர்டில் குத்துகிற டிப் வடிவில் வருவதில்லை, எஸ்.பி. ரோட்டில் கேட்டால் உதட்டைப் பிதுக்குகிறார்கள், ஆன்லைனில்தான். ப்ரோகிராமரே வேண்டாம் என்கிறவர்களுக்கு 2021-ல் வந்த ராஸ்பெர்ரி பை பிக்கோ போர்டு இருக்கிறது, பொத்தானை அழுத்திக்கொண்டு யூஎஸ்பியில் செருகினால் பென்டிரைவ் மாதிரி நிற்கும், ஃபைலை இழுத்துப் போட வேண்டியதுதான். அதற்கு மேல் எழுத எதுவும் இல்லை.

பையன் இவ்வளவையும் கேட்டுவிட்டு, "இல்லண்ணா, எனக்கு அந்தப் பழைய எட்டுக் கால் பிக்தான் வேணும்" என்று சொல்லிவிட்டான். பிக் 12எஃப்675. பிடிவாதம் எனக்குப் பிடித்திருந்தது. ஜேடிஎம் வேண்டாம், ஊனோ, எம்டி3608, ரெண்டு டிரான்சிஸ்டர் என்று முடிவு. இந்தச் சிப்பில் ரெண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, 13 வோல்ட்டை முதலில் கொடுத்துவிட்டு அப்புறம்தான் 5 வோல்ட், மாற்றிச் செய்தால் உள்ளே ஏற்கெனவே இருக்கும் ப்ரோகிராம் ஓட ஆரம்பித்துக் காரியத்தைக் கெடுக்கும். ரெண்டாவது, சிப்புக்கு க்ளாக் தரும் உள் ஆசிலேட்டரைச் சரிசெய்யும் எண்ணைத் தொழிற்சாலையிலேயே கடைசி முகவரியான 3எஃப்எஃப்-ல் எழுதி அனுப்புகிறார்கள், சிப்பை முழுவதுமாக அழித்தால் அதுவும் போய்விடும். அழிக்கும் முன் படித்துக் குறித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். 34-ல் ஆரம்பிக்கும் எண் வந்தால் சரியான சிப். 3எஃப்எஃப்எஃப் என்று வந்தால் ஏற்கெனவே யாரோ அழித்துப் பார்த்துவிட்டுப் புதிது என்று விற்றது, பில் இருந்தால் கடையில் திருப்பிக் கேட்கலாம்.